குழாயடிப் பேச்சு: வெளிச்சத்தில் கெட்டியாகும் குழாய்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். யாரோ ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். பழைய சாக்கடைக் குழாய்க்குள் ஈரமான உறை ஒன்றை நுழைக்கிறார்கள், ஊதுகிறார்கள், ஒரு விளக்கை உள்ளே விட்டு மெதுவாக இழுக்கிறார்கள். புதுக் குழாய் தயார். கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை. கோத்தகிரியிலிருந்து கூடலூர் வரை எல்லோரும் "இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். பதினொரு வருடம் வளைகுடாவில் நான் செய்தது அந்த வேலையைத்தான். அதற்கு முன்னால் குன்னூரில் அப்பாவோடு மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்தேன். இரண்டிலும் கை வைத்தவன் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சரிவில் எங்கள் வீடு. குளியலறை, கழிப்பறைத் தண்ணீர் போகும் குழாய் தடுப்புச் சுவருக்கு அடியில் இறங்கி, பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய், அந்தப் பக்கம் உள்ள எங்கள் செப்டிக் டேங்கில் சேருகிறது. மாமனார் காலத்து ஸ்டோன்வேர் பைப். ஐப்பசி மழையில் தவறாமல் அடைத்துக்கொள்கிறது. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினால் கொத்துக் கொத்தாக வேர் வருகிறது. படியை உடைக்கப் பக்கத்து வீட்டார் சம்மதிக்கவில்லை. பெங்களூருவில் இருக்கும் மகன் அந்த வீடியோவை அனுப்பி, "இதைச் செஞ்சிடலாம்மா" என்கிறான். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: டீச்சரம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் குழாய்க்கு இது பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் முதலில் வேண்டியது லைனர் (அந்த உறைக்குத்தான் இந்தப் பெயர்) இல்லை, கேமரா. இதை மகனிடம் சொல்லிவிடுங்கள். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் மாமனார் காலத்து ஸ்டோன்வேர் பைப், அதாவது சுட்ட மண் குழாய், இரண்டடித் துண்டுகளாக வரும். நாற்பதடி தூரம் என்றால் இருபது இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் சணலைச் சுற்றித் திணித்து, சிமென்ட் கலவையை விரலால் அழுத்திப் பூசுவார்கள். என் அப்பாவின் விரல் நுனிகளில் தோல் முழுசாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சுட்ட மண் குழாய்க்கு ஆயுசு கெட்டி, பூச்சுக்குத்தான் கிடையாது. மலைச் சரிவில் மண் வருடா வருடம் துளித் துளியாகக் கீழே நகர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாத சிமென்ட் பூச்சு விரிசல் விடும். மயிரிழை இடைவெளி கிடைத்தால் வேருக்குப் போதும். உள்ளே தண்ணீரும் உரமும் ஓடிக்கொண்டிருக்கிறதே! மூங்கிலால் நீங்கள் குத்துவது அந்த வேருக்கு முடி வெட்டி விடுவது மாதிரி. அடுத்த ஐப்பசிக்குள் வளர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் படியைவிட எனக்குப் பயம் உங்கள் தடுப்புச் சுவரைப் பற்றித்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பேய் மழை. 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் நிலச்சரிவில் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவரின் காலடியைப் பறித்துவிட்டுக் குழாயைத் தேடுவது எந்தக் காலத்திலும் நல்லதில்லை, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அதற்காகக் குழாயை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஒழுகும் குழாய் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். மண்வெட்டி ஒரு நாளில் செய்வதை அது பத்து வருடத்தில் செய்யும், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த உறை கண்ணாடி நாராலோ தடித்த கம்பளித் துணி போன்ற ஒன்றாலோ ஆனது. அதில் ரெசின் என்கிற பிசினை ஊறவைத்திருப்பார்கள். ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறார்களே, அதே குடும்பத்துச் சரக்கு. தொட்டி செய்கிறவர் ரெசினில் ஹார்ட்னரைக் கலந்த நிமிடத்திலிருந்து ஓட்டமாக ஓடவேண்டும்; அது பாட்டுக்கு இறுக ஆரம்பித்துவிடும். இதில் கலந்திருக்கும் மருந்து வெளிச்சம் படும்வரை சும்மா கிடக்கும். பல் டாக்டர் ஓட்டையில் பசை மாதிரி ஒன்றை வைத்து, நீல விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டி, "கடிச்சுப் பாருங்க" என்பாரே, அதே சூத்திரம்தான். தெருச் சாக்கடை போன்ற பெரிய குழாய்க்குப் புற ஊதா விளக்கு. 365 முதல் 420 நானோமீட்டர் வரைக்குமான கதிர். வீட்டின் நாலங்குலக் குழாய்க்கு நீல எல்இடி பொருத்திய சின்னத் தலை ஒன்று போதும்.

குழாயை முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வேரையெல்லாம் சுழலும் கத்தியால் மொட்டையடிப்பார்கள். பிறகு உறையை உள்ளே கொண்டுபோய், காற்றடித்து ஊதி, பழைய சுவரோடு ஒட்டவைப்பார்கள். விளக்கு உள்ளே போகும்போது கூடவே ஒரு கேமராவும் போகும். சுருக்கம், மடிப்பு இருந்தால் அப்போதே தெரியும். வெளிச்சம் காட்டும்வரை எதுவும் இறுகாது என்பதால் சரிசெய்ய அவகாசம் உண்டு. எல்லாம் சரி என்றால் விளக்கைப் போட்டு நிதானமாக இழுப்பார்கள். பெரிய குழாயில் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் என்பது நாங்கள் பழகிய வேகம். குழாயின் அளவையும் உறையின் கனத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். அவசரப்பட்டு இழுத்தால் உறையின் வெளிப்பக்கம் வேகாமல் நின்றுவிடும். அரைவேக்காட்டு இட்லி மாதிரி, மேலே பார்த்தால் தெரியாது.

முடிந்ததும் உங்கள் பழைய குழாய்க்குள் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனத்தில், இணைப்பே இல்லாத ஒரு குழாய் இருக்கும். வேர் நுழைய இடுக்கு இல்லை. உள்ளளவு கொஞ்சம் குறையும். ஆனால் உட்புறம் வழவழவென்று இருப்பதால் ஓட்டத்துக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

இப்போது கேமரா ஏன் என்று சொல்கிறேன். கொத்தனார்கள் "வாட்டம்" என்பார்கள். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஒரு அடி இறக்கம் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு. இந்த உறைக்கு வாட்டம் பார்க்கத் தெரியாது. பழைய குழாய் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அச்சுப் பிடித்துக்கொள்ளும். நடுவில் குழாய் தொய்ந்து குட்டை கட்டியிருந்தால், புதுக் குழாயிலும் அதே இடத்தில் அதே குட்டை! வளைகுடாவில் ஒருமுறை வேலை பிரமாதமாக முடிந்தது, ஒரு சுருக்கம் கிடையாது. மறுநாள் கேமராவை விட்டால் நடுவில் முன்போலவே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தொய்வு இருந்தது எங்கள் ஆட்களுக்கு முன்பே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த இடத்தைத் தோண்டத்தான் வேண்டியிருந்தது, அதுவும் புது லைனரையும் சேர்த்து வெட்டிப்போட்டு.

அதனால் கேமரா விடும்போது நீங்களோ மகனோ கூடவே நில்லுங்கள். முதலில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கேமரா போகிற வழியில் எங்காவது தண்ணீருக்குள் முங்கி எழுந்தால் அங்கே தொய்வு என்று அர்த்தம். எத்தனையாவது மீட்டர் என்று திரையில் ஓடும், குறித்துக்கொள்ளுங்கள். குழாய் முழுதாக இடிந்து மண் இறங்கியிருந்தால் உறை போகவே போகாது. ஒரு இடத்தில் மட்டும் இடிந்து, அது உங்கள் நிலத்தில், சுவரை விட்டுத் தள்ளி இருந்தால் அங்கே ஒரு குழி மட்டும் தோண்டிச் சரிசெய்துவிட்டு மீதிக்கு லைனர் போடலாம். பதிவைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி இன்னொருவரிடமும் விலை கேட்கலாம்.

காலம்? பனி முடிந்து, கோடை மழைக்கு முன்னால். மாசி நல்லது. அப்புறம் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படியைத் தொடப்போவதில்லை, ஆனால் அந்தப் பக்கம் போய் சேம்பர், அதாவது குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டியின், மூடியைத் திறந்தாக வேண்டும். அதற்கு ஒரு காபி போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஃபைபர் தொட்டி செய்கிறவன். ரெசின் நமக்குப் பழக்கம். வெளிச்சத்தில் இறுகும் ரெசின் வாங்கி, டார்ச் லைட்டையோ வெயிலையோ வைத்து நானே செய்ய முடியாதா?
– குன்னூர் வாசகர்

பதில்: அண்ணே, வெயில் பற்றிக் கேட்டீர்கள், ஒரு கதை சொல்கிறேன். லைனர் கறுப்பு உறை சுற்றி, பெட்டியில் குளிர்ச்சியாக வரும். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன், வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று நல்லெண்ணத்தில், மத்தியான வெயிலில் அந்த உறையை ஒரு முழம் கிழித்துவைத்தான். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த ஒரு முழம் பலகையாகிவிட்டது. பலகையைக் குழாய்க்குள் எப்படி இழுப்பது? மீதியை வெட்டிப் பயன்படுத்த நீளம் போதவில்லை. அவன் அழுததுதான் மிச்சம். அவனை நான் திட்டவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நம் ஊரில் இன்னும் கவனம் வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர் பத்து சதவிகிதம் போலக் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். குளிராக இருக்கிறது, வெயில் சுடவில்லை என்று ஏமாறவேண்டாம். மூக்குத் தோல் உரிந்து போகும் சுற்றுலாக்காரர்களைக் கேளுங்கள்.

டார்ச் ஆகாது. அலைநீளமும் பொருந்தவேண்டும், கனம் முழுக்க ஊடுருவும் அளவுக்கு வலுவும் வேண்டும். கருவி இல்லாமல் கற்றுக்கொள்ள ஆசை என்றால், ஹார்ட்னர் கலந்து தானாக இறுகும் எபாக்ஸி ஒட்டுப் போடும் முறை இருக்கிறது. ஒரு இணைப்பை மட்டும் சரிசெய்ய அது உதவும். ஆனால் நம் குளிர் அதற்கு எதிரி. பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோயம்புத்தூரில் மூன்று மணி நேரம் என்று டப்பாவில் பார்த்துச் செய்தவர், மார்கழியில் இங்கே ராத்திரி முழுக்கக் காவல் உட்காரவேண்டும். வெளிச்ச முறைக்கு மலையில் எனக்குப் பிடித்த குணமே இதுதான், வெளியே எவ்வளவு குளிர் என்று அது பெரிதாகக் கவலைப்படாது.

கேள்வி: ஊட்டியில் சிறிய லாட்ஜ் நடத்துகிறோம். சீசன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சில அறைகளில் சாக்கடை நாற்றம். பார்க்க வந்த காண்ட்ராக்டர் குழாய் எல்லாம் போய்விட்டது, மொத்தமாக உள்ளே லைனிங் போடவேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். போடலாமா?
– லாட்ஜ் உரிமையாளர், ஊட்டி

பதில்: கேமரா விட்டுப் பார்த்தாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே.

சார், "சீசன் தொடங்கும்போது", "சில அறைகளில்" என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். குளியலறைத் தரையில் சல்லடைக்குக் கீழே ஒரு வளைவு இருக்கும், டிராப் என்போம். அதில் இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குக் கதவு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறையில் அது வற்றிப்போகும்; கதவு திறந்துகொள்ளும். பூட்டிய அறைகளில் வாரம் ஒருமுறை தரைத் துளையிலும் வாஷ்பேசினிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஃபிளஷையும் ஒரு தடவை இழுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நாற்றம் வந்தால் எழுதுங்கள், பேசலாம்.

நாற்றம் எங்கே என்று பார்க்க யாரையும் சேம்பருக்குள் இறக்கிவிடாதீர்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை 2013-ஆம் வருடத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் போன மாதம் இந்த லைனிங் போட்டார்கள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் மட்டும் இறங்கவே இல்லை. மாடி வீட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. போட்டவர்கள் "உங்க பைப்பில் முடி அடைச்சிருக்கு" என்கிறார்கள்.
– வெலிங்டன் வாசகி

பதில்: முடி ஒரே ராத்திரியில் அடைக்காது, அம்மா. பெரிய குழாய்க்குள் உறை போடும்போது, பக்கவாட்டில் வந்து சேரும் கிளைக் குழாய்களின் வாயையும் சேர்த்தே அது மூடிவிடும். இறுகிய பிறகு, கத்தி பொருத்திய சின்ன ரோபோவை உள்ளே அனுப்பி ஒவ்வொரு வாயையும் வெட்டித் திறக்கவேண்டும். அதற்காகத்தான் வேலைக்கு முன்பே கேமராவில் எந்த மீட்டரில் எந்தக் கிளை சேருகிறது என்று குறித்துக்கொள்வது. உங்களுடையதைக் குறிக்க மறந்திருப்பார்கள் என்பது என் ஊகம். வேலைக்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் கேளுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறப்பது ஒரு மணி நேர வேலை. அதுவரை உங்கள் பக்கமிருந்து கம்பி விட்டுக் குத்தவேண்டாம், லைனர் சேதமாகலாம்.

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் மாணவி நான். இதைக் கண்டுபிடித்தது யார்? புதிதாக வந்ததா?
– கூடலூர் வாசகி

பதில்: உன் வயதைவிட இரண்டு மடங்கு இருக்கும், பாப்பா. எரிக் வுட் என்ற இங்கிலாந்துக்காரர் 1971-இல் லண்டனில் ஹாக்னி பகுதியில் ஒரு பழைய செங்கல் சாக்கடைக்குள் முதன்முதலாகச் செய்து காட்டினார். அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை 1977-இல் கிடைத்தது. அவர் காலத்தில் வெளிச்சம் கிடையாது. கம்பளித் துணி உறையில் ரெசினை ஊற வைத்து இறுகவிடுவார்கள். சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவோமே, அப்படித் தண்ணீரின் அழுத்தத்தால் உறையைப் புரட்டிக்கொண்டே உள்ளே தள்ளி, அந்தத் தண்ணீரையே சுடவைத்து இறுகச் செய்வது வழக்கமானது. பல ஊர்களில் இன்றும் வெந்நீரும் நீராவியும்தான். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெளிச்ச முறை அதற்குப் பின்னால் ஐரோப்பாவில் வளர்ந்தது. உன் வாத்தியாரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று தருகிறேன்: பழைய குழாய் முழுவதும் உளுத்துப்போனால், வெளியிலிருந்து அழுத்தும் மண்ணையும் நிலத்தடி நீரையும் தாங்க உறையின் கனத்தை எப்படிக் கணக்கிடுவது? அதில்தான் இந்தத் தொழிலின் படிப்பே இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் லைன் அரை அங்குல ஜி.ஐ. பைப், துருப்பிடித்துவிட்டது. இதே முறையில் சரிசெய்யலாமா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: வேண்டாம். அரை அங்குலத்துக்குள் இந்த உறை போகாது. பெரிய குடிநீர்க் குழாய்களுக்கு உண்டு, ஆனால் குடிநீருக்கென்று சோதித்துச் சான்று பெற்ற ரெசின் வேண்டும். சாக்கடைக்குப் போடுவதைப் போடக்கூடாது. உங்களுக்குப் புது பைப்பைச் சுவரோரமாக வெளியில் இழுத்துவிடுவது மலிவு. ஒழுகினால் கண்ணுக்கும் தெரியும்.

கேள்வி: வேர் அடைப்புக்கு ஆசிட் ஊற்றலாம் என்று கடைக்காரர் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். ஊற்றலாமா?
– கட்டபெட்டு வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். ஆசிட் அடைப்பில் நிற்காது, வேரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். போகிற வழியில் இணைப்புகளில் மிச்சமிருக்கும் சிமென்ட் பூச்சைத் தின்னும், அதாவது வேருக்குப் புது வாசல் திறந்துவிடும். மீதி செப்டிக் டேங்கில் போய், அங்கே மலத்தை மக்கவைக்கும் கிருமிகளைக் கொல்லும். பாட்டிலைப் பிரிக்காமல் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.